பெஞ்சமின் பட்லர்

பெஞ்சமின் பிராங்கிளின் பட்லர் (நவம்பர் 5, 1818 – ஜனவரி 11, 1893) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) ஒன்றிய அரசின், அதாவது வடதரப்பின், மேஜர் ஜெனரலாகப் பணியாற்றினார். இவர் முறையான படைக்கல்வி பெற்றவர் அல்லர். போர்க்களத்தில் இவருக்குக் கிடைத்த வெற்றிகள் சில; தோல்விகள் பல. ஆயினும், 1861 மே மாதம் வர்ஜீனியா மாநிலத்தின் மன்ரோ கோட்டைக்குத் தப்பி வந்த மூன்று அடிமைகளைத் திருப்பி அனுப்ப மறுத்து இவர் முன்வைத்த சட்ட வாதம், அப்போரின் நோக்கத்தையே மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்றாக வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அம்முடிவை எடுத்த வேளையில் பட்லர் அடிமை ஒழிப்பாளராக இருக்கவில்லை என்பது இவரது வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய செய்தி.

இளமைக்காலம்

பட்லர் நியூ ஹாம்சயர் மாநிலத்தின் டியர்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜான் பட்லர், மகன் பிறந்த சில மாதங்களில் மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். தாய் சார்லட், 1828 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகருக்குக் குடிபெயர்ந்து, பருத்தி ஆலைகளில் வேலை செய்த பெண்கள் தங்கும் விடுதி ஒன்றை நடத்தினார். ஆலைச் சங்கு ஊதும் நேரத்தில் எழுந்து, இருட்டிய பின் திரும்பும் இளம் பெண்களைப் பார்த்தே பட்லர் வளர்ந்தார். இவருடைய பிற்கால அரசியலில் தொழிலாளர் சார்பு தொடர்ந்து தென்படுவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரியில் சேர இவர் விரும்பினார்; இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் அக்கல்லூரியில் பயின்ற அதிகாரிகளுடன் இவர் ஓயாமல் மோதியதை இந்த ஏமாற்றத்தோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. வாட்டர்வில் கல்லூரியில் (பிற்காலத்தில் கோல்பி கல்லூரி) 1838 இல் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் சட்டம் பயின்று, 1840 இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1844 இல் நாடக நடிகையான சாரா ஹில்ட்ரெத்தை மணந்தார்.

வழக்கறிஞர் பணி

பட்லர் பெரும்பாலும் குற்றவியல் வழக்குகளை நடத்தினார். எதிர்த்தரப்பு தயாரித்த ஆவணத்திலேயே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதை வைத்தே அத்தரப்பை வீழ்த்துவது இவருடைய வழக்கமான உத்தி. ஓர் ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் கூலிப் பாக்கிக்காக, ஆலை முழுவதையும் இயக்கிய நீர்ச்சக்கரத்தையே பறிமுதல் செய்ய இவர் முயன்றார் என்றும், ஆலை நிறுத்தப்படும் என அஞ்சிய நிருவாகம் பணத்தைக் கொடுத்துவிட்டது என்றும் ஒரு கதை லோவெலில் வழங்கியது. நடந்ததோ இல்லையோ, இவரைப் பற்றி மக்கள் கொண்டிருந்த கருத்தை அக்கதை காட்டுகிறது. லோவெலிலும் பாஸ்டனிலும் அலுவலகங்கள் அமைத்துப் பெரும் பொருள் ஈட்டினார்.

சனநாயகக் கட்சியில் சேர்ந்து, ஆலைகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை என்னும் கோரிக்கைக்காக வாதாடினார். 1853 இல் மாநிலக் கீழவைக்கும் 1859 இல் மேலவைக்கும் உறுப்பினரானார். இதனோடு மாநிலக் குடிப்படையிலும் இருந்தார். அக்காலத்தில் குடிப்படைப் பதவிகள் பெரும்பாலும் செல்வாக்கின் அடிப்படையில் கிடைப்பவை. 1855 இல் பட்லர் அதில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

1860 இல் சார்லஸ்டனில் நடைபெற்ற சனநாயகக் கட்சி மாநாட்டில், குடியரசுத் தலைவர் வேட்பாளராக மிசிசிப்பியின் ஜெபர்சன் டேவிசைத் தேர்ந்தெடுக்கும்படி பட்லர் சுற்றுக்குச் சுற்று வாக்களித்துக் கொண்டிருந்தார். அதே டேவிசு மறு ஆண்டில் தென்தரப்புக் கூட்டமைப்பின் தலைவரானார். 1862 இல் பட்லரைச் சட்டத்திற்குப் புறம்பானவர் என அறிவித்தவரும் அவரே.

போரின் தொடக்கம்

1861 ஏப்ரலில் போர் மூண்டபோது, தலைநகர் வாசிங்டனைக் காக்கத் துருப்புகள் விரைந்தன. ஏப்ரல் 19 அன்று பால்டிமோர் நகரில் மாசச்சூசெட்ஸ் ஆறாம் படைப்பிரிவைக் கும்பல் ஒன்று தாக்கியதால், அவ்வழி அடைபட்டது. எட்டாம் படைப்பிரிவுடன் வந்துகொண்டிருந்த பட்லர், சஸ்குவகானா ஆற்றில் ஒரு நீராவிப் படகைக் கைப்பற்றி, கடல்வழியே அனாபொலிசு சேர்ந்தார். அங்கே இருப்புப்பாதை பெயர்க்கப்பட்டிருந்தது; நீராவிப் பொறியும் கழற்றிக் கிடந்தது. அணியில் நின்ற ஒரு சிப்பாய், அப்பொறியைத் தாம் வேலை செய்த பட்டறையில் கட்டியது என்று அடையாளம் கண்டு அதைப் பழுதுபார்த்தார். ஆலை நகரங்களிலிருந்து திரட்டிய படையால் இப்படிச் சில நன்மைகளும் இருந்தன.

அனாபொலிசில் இருந்தபோது பட்லர் செய்த மற்றொரு செயலை, மன்ரோ கோட்டை முடிவைப் பற்றி எழுதுவோர் சிலர் விட்டுவிடுகின்றனர். மேரிலாந்து அடிமை முறை நிலவிய மாநிலம். அங்கு அடிமைகள் கிளர்ச்சி செய்வார்கள் என்ற வதந்தி பரவியதும், அதை அடக்கத் தம் படையைத் தருவதாக அம்மாநில ஆளுநருக்குப் பட்லர் தாமே முன்வந்து எழுதினார். மாசச்சூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ இதைக் கண்டித்தார். ஐந்து வாரங்களுக்குள் மன்ரோ கோட்டையில் வேறுவிதமாக முடிவெடுத்தவரும் இதே மனிதர்தான்.

மே 13 அன்று, மேலிட ஆணை இல்லாமலேயே பால்டிமோருக்குள் படையுடன் நுழைந்து நகரைக் கைக்கொண்டார். தலைமைத் தளபதி வின்பீல்டு ஸ்காட் சினமுற்றார். ஆனால் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்கு எதிர்க்கட்சியினரான சனநாயகக் கட்சியினரின் ஆதரவு தேவைப்பட்டது. அவர்களுள் செல்வாக்குள்ளோரைத் தளபதிகளாக்கினால் அவர்களைப் பின்பற்றுவோரும் போரை ஆதரிப்பர் என்பது அவரது கணிப்பு. இத்தகையோர் 'அரசியல் ஜெனரல்கள்' எனப்பட்டனர். மே 16 அன்று பட்லர் தன்னார்வப் படையின் மேஜர் ஜெனரலாக உயர்த்தப்பட்டு, மன்ரோ கோட்டைக்கு அனுப்பப்பட்டார்.

மன்ரோ கோட்டை முடிவு

மன்ரோ கோட்டை, வர்ஜீனியாவின் கடற்கரையில் ஹாம்ப்டன் துறைமுக வாயிலைக் காக்கும் கற்கோட்டை. நாற்புறமும் அகழி சூழ்ந்தது. இதன் கட்டுமானப் பணியில் 1830களின் தொடக்கத்தில் ஈடுபட்ட இளம் பொறியாளர்களுள் ஒருவர், பின்னர் தென்தரப்பின் பெருந்தளபதியான ராபர்ட் ஈ. லீ. கோட்டை நிற்கும் நிலமுனையில்தான் 1619 இல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கச் சிறைப்பட்டோர் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டனர். வர்ஜீனியா பிரிந்த பின்னும் இக்கோட்டை ஒன்றிய அரசின் கையிலேயே இருந்தது.

1861 மே 23 அன்று, ஒன்றியத்திலிருந்து பிரியும் முடிவை வர்ஜீனியாவின் வாக்காளர்கள் உறுதி செய்தனர். அன்றிரவு பிராங்க் பேக்கர், செப்பர்டு மாலரி, ஜேம்ஸ் டவுன்செண்டு என்னும் மூன்று அடிமைகள் படகொன்றில் நீரைக் கடந்து கோட்டையின் காவலரிடம் வந்து சேர்ந்தனர். அவர்கள் சார்லஸ் மாலரி என்ற குடிப்படைக் கர்னலுக்கு உரியவர்கள். துறைமுகத்தின் எதிர்க்கரையில் சூவெல் முனை என்னும் இடத்தில், கோட்டையைக் குறிவைத்து அமைக்கப்பட்ட பீரங்கி மேடைக்கு மண் சுமக்க அவர்களை உரிமையாளர் அனுப்பியிருந்தார். அடுத்து, மேலும் தெற்கே கரோலினாவுக்கு அனுப்பப்படவிருந்தனர். போனால் குடும்பத்தை மீண்டும் பார்ப்பது அரிது.

அவர்கள் எடுத்த துணிவு சிறிதன்று. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் புளோரிடாவின் பிக்கன்சு கோட்டைக்கு இப்படித் தஞ்சம் தேடி வந்த அடிமைகளை, அங்கிருந்த ஒன்றிய அதிகாரிகள் பிடித்து உரிமையாளரிடமே ஒப்படைத்திருந்தனர். 1850 ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் நடைமுறையில் இருந்தது. அடிமை முறையில் தலையிடும் எண்ணம் தமக்கில்லை என்று லிங்கனும் பதவியேற்பு உரையில் கூறியிருந்தார்.

மறுநாள் காலை பட்லர் மூவரையும் தனித்தனியே விசாரித்தார். எதிரியின் பீரங்கி மேடையைப் பற்றி அவர்கள் கூறியது பயனுள்ள செய்தி. கோட்டையில் வேலைக்கு ஆட்களும் போதவில்லை. பட்லர் அவர்களைப் பணியில் அமர்த்திக்கொண்டார்.

அன்று பிற்பகல் மேஜர் ஜான் கேரி என்னும் தென்தரப்பு அதிகாரி, சமாதானக் கொடியுடன் கோட்டைக்கு வந்தார். கேரி ஹாம்ப்டனில் பள்ளி நடத்தியவர். பட்லருக்கு 1860 மாநாட்டின் வழியே அறிமுகமானவரும்கூட. மாலரியின் சார்பில் மூவரையும் திருப்பிக் கேட்டார். குதிரைகளில் அமர்ந்தபடியே இருவரும் பேசினர். அந்த உரையாடலின் சாரம் பின்வருமாறு:

தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர வேண்டியது அரசியலமைப்புக் கடமை அல்லவா என்று கேரி கேட்டார். அச்சட்டம் அயல்நாட்டிற்குப் பொருந்தாது, வர்ஜீனியாவோ தன்னை அயல்நாடு என்று நேற்றுத்தான் அறிவித்துக்கொண்டது என்றார் பட்லர். பிரிவினையே செல்லாது என்பதுதானே உங்கள் அரசின் நிலைப்பாடு, அப்படியானால் அடிமைகளை வைத்துக்கொள்வது முரணாகாதா என்று கேரி மடக்கினார். ஆனால் பிரிந்துவிட்டோம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பதும் முரண்தான் என்றார் பட்லர். மேலும், இம்மூவரும் எம்மை எதிர்த்துக் கட்டப்படும் பீரங்கி மேடையில் வேலை செய்தவர்கள். ஆகவே இவர்களைப் போர்க்காலத் தடைப்பொருளாகக் கொள்கிறேன் என்றார். கர்னல் மாலரி கோட்டைக்குள் வந்து ஒன்றிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தால் மூவரையும் திருப்பித் தருவதாகவும் கூறினார். மாலரி வரவில்லை.

வாதத்தின் அமைப்பு

ஆங்கிலத்தில் 'கான்ட்ராபாண்ட்' எனப்படும் போர்க்காலத் தடைப்பொருள் என்பது கடற்போர்ச் சட்டத்தில் புழங்கிய கருத்து. போரிடும் ஒரு நாட்டிற்குச் செல்லும் வெடிமருந்து, ஆயுதம் முதலியவற்றை அதன் எதிரி வழிமறித்துப் பறிமுதல் செய்யலாம். பட்லர் இதை மனிதர்களுக்குப் பொருத்தினார். அடிமை ஒரு சொத்து என்பது தென்தரப்பின் அடிப்படைக் கொள்கை. சொத்து எனில், போருக்குப் பயன்படும் சொத்தை எதிரி பறிக்கலாம். குதிரையையும் வண்டியையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்றால், மண் சுமந்தவனை மட்டும் ஏன் தர வேண்டும்? மாலரி தம் அடிமைகளை மீட்க வேண்டுமாயின், ஒன்று வர்ஜீனியா பிரியவில்லை என ஒப்ப வேண்டும், அல்லது அடிமைகள் சொத்து அல்ல என ஒப்ப வேண்டும். இரண்டும் அவரால் இயலாதவை.

ஆனால் சட்ட நோக்கில் இது உறுதியான வாதம் அன்று. தடைப்பொருள் என்ற சொல் நடுநிலை நாட்டினர் கடலில் கொண்டுசெல்லும் சரக்கைக் குறிப்பது. எதிரியின் நிலத்திலிருந்து தாமே நடந்தும் படகேறியும் வருவோரை அன்று. வழக்கறிஞர் என்ற முறையில் இவ்வாதத்தைப் பற்றித் தாம் பெருமைப்பட்டதில்லை எனப் பட்லரே பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். அதன் வலிமை வேறிடத்தில் இருந்தது. அடிமை ஒழிப்பை வெறுத்த வடபுலத்து மக்களும் அதை ஏற்க முடிந்தது. விடுதலை என்ற சொல்லை உச்சரிக்காமலேயே, திருப்பி அனுப்புவது நின்றது. செய்தித்தாள்கள் 'கான்ட்ராபாண்ட்' என்ற சொல்லை விரும்பி எடுத்துக்கொண்டன. சில வாரங்களில் தப்பி வந்தோர் அனைவருக்கும் அதுவே பெயராயிற்று.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. மூவரையும் காத்த வாதம் அவர்களைப் பொருள் என்றே வகைப்படுத்தியது. உரிமையாளர் உறுதிமொழி எடுத்திருந்தால் பட்லர் அவர்களைத் திருப்பித் தந்திருக்கவும் கூடும்.

900 பேர்

செய்தி அடிமைகளிடையே வேகமாகப் பரவியது. இரண்டு நாட்களில் மேலும் எட்டுப் பேர் வந்தனர். அதற்கு மறுநாள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். இம்முறை பெண்களும் முதியோரும் கைக்குழந்தைகளும் இருந்தனர். இங்கேதான் வாதம் இடறியது. பீரங்கி மேடையில் மண் சுமந்தவர் போர்ப்பொருள் என்றால், தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை எவ்வகையில் போர்ப்பொருள்?

மே 27 அன்று பட்லர் ஸ்காட்டிற்கு எழுதிய கடிதத்தில் இச்சிக்கலை வெளிப்படையாகவே எழுப்பினார். அதுவரை வந்தோரின் மதிப்பு நல்ல காலத்தில் 60,000 டாலர் இருக்கும் என்று கணக்கிட்ட அதே கடிதத்தில், தந்தையின் உழைப்பை ஏற்றுக்கொண்டு குழந்தையை விரட்ட முடியுமா என்னும் கேள்வியும் உள்ளது. மே 30 அன்று போர்த்துறைச் செயலர் சைமன் கேமரன் இவரது நடவடிக்கைக்கு ஒப்புதல் அளித்தார். அவர்களின் உழைப்பிற்கும் பராமரிப்பிற்கும் கணக்கு வைக்கச் சொன்ன கேமரன், இறுதியில் அவர்களை என்ன செய்வது என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம் என ஒத்திவைத்தார்.

ஜூலை 30 அன்று பட்லர் கேமரனுக்கு எழுதிய கடிதத்தில் 900 பேரின் கணக்கு உள்ளது: உடல்வலிமையுள்ள ஆண்கள் 300, கடின வேலைக்கு இயலாத ஆண்கள் 30, பெண்கள் 175, பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் 225, பத்து முதல் பதினெட்டு வயதினர் 170. இவர்கள் அடிமைகளா, விடுதலை பெற்றவர்களா, சொத்தா, மனிதர்களா என்று அக்கடிதம் அடுக்கடுக்காகக் கேட்கிறது. உரிமையாளர்கள் கைவிட்டு ஓடிய சொத்து என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கைக்கொண்ட அரசு மனிதரைச் சொத்தாக வைத்திருக்க விரும்பாத நிலையில், அவர்கள் மனிதர் என்ற நிலைக்கே மீள்கிறார்கள் அல்லவா என்பது இவரது வாதம். மே மாதத்தில் எதிரியை மடக்க எழுந்த சொற்சிலம்பம், இரண்டே மாதங்களில் தம் அரசையே மடக்கும் கேள்வியாக மாறியிருந்தது. பட்லரின் மனமாற்றத்தைக் காட்டும் முதல் ஆவணமாக இதைக் கொள்ளலாம்.

1861 ஆகஸ்ட் 6 அன்று நிறைவேறிய முதலாம் பறிமுதல் சட்டம், தென்தரப்பின் போர்ப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள்மீது உரிமையாளருக்கு இருந்த கோரிக்கையை நீக்கியது. பட்லரின் முடிவு இவ்வாறு சட்டமாயிற்று. ஆயினும் பெண்களையும் குழந்தைகளையும் பற்றி அது தெளிவாக எதுவும் கூறவில்லை. 1862 மார்ச்சில், தப்பி வருவோரைப் படையினர் திருப்பி அனுப்புவது தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 17 அன்று இரண்டாம் பறிமுதல் சட்டமும், 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனமும் வந்தன.

ஆகஸ்ட் 1861 இல் தென்தரப்புப் படையினர் ஹாம்ப்டன் நகரைத் தாமே எரித்துவிட்டுப் பின்வாங்கினர். எரிந்த வீடுகளின் புகைபோக்கிகளைச் சுற்றித் தப்பி வந்தோர் குடிசைகள் கட்டினர். கூலி உறுதியளிக்கப்பட்டது, பெரும்பகுதி அவர்கள் கைக்கு வரவில்லை. நோயும் உணவுப் பற்றாக்குறையும் இருந்தன. அங்கே ஓர் ஓக் மரத்தடியில் மேரி பீக் என்னும் கறுப்பினப் பெண் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். அம்மரம் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. 1863 இல் அங்கு அரசுச் செலவில் எழுப்பப்பட்ட பள்ளிக்குப் பட்லரின் பெயர் இடப்பட்டது. போர் முடிவதற்குள் மன்ரோ கோட்டைப் பகுதிக்குப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். 2011 இல் இக்கோட்டை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இதே கோட்டையிலிருந்து 1861 ஜூன் 10 அன்று பட்லர் அனுப்பிய படை, பிக் பெத்தல் என்னுமிடத்தில் தோற்றது. இருளில் ஒன்றிய அணிகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. ஆகஸ்ட் இறுதியில் கடற்படையுடன் சேர்ந்து ஹாட்டராசு கழிமுகக் கோட்டைகளைக் கைப்பற்றியது இவருக்கு ஓரளவு பெயர் தந்தது.

நியூ ஓர்லியன்சு

தென்தரப்பின் மிகப்பெரிய நகரான நியூ ஓர்லியன்சைக் கடற்படைத் தளபதி டேவிட் பராகட் 1862 ஏப்ரலில் பணியவைத்தார். மே 1 முதல் பட்லர் அந்நகரின் படை ஆளுநரானார். டிசம்பர் வரை நீடித்த அந்த ஆட்சியே தென்புலத்தில் இவருக்கு 'மிருகம்' என்ற பட்டத்தைப் பெற்றுத் தந்தது.

நகரப் பெண்கள் சிலர் ஒன்றியச் சிப்பாய்களைத் தெருவில் இழிவுபடுத்தினர். மே 15 அன்று பட்லர் பிறப்பித்த 28 ஆம் எண் பொது ஆணை, அவ்வாறு நடந்துகொள்ளும் பெண் தெருவில் தொழில் செய்யும் விலைமகளாகவே நடத்தப்படுவாள் என்றது. அவமதிப்புகள் குறைந்தன, ஆனால் உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பிரித்தானியப் பிரதமர் பாமர்ஸ்டன் நாடாளுமன்றத்திலேயே இதைக் கண்டித்துப் பேசினார். ஜூன் 7 அன்று, நாணயச்சாலைக் கட்டடத்தில் ஏற்றிய அமெரிக்கக் கொடியைக் கிழித்த வில்லியம் மம்போர்டு என்பவர் தூக்கிலிடப்பட்டார். கொடி இறக்கப்பட்டபோது நகரம் முறையாகச் சரணடைந்திருக்கவில்லை என்பதால், இத்தண்டனை சட்டப்படி சரியா என்ற ஐயம் அப்போதே இருந்தது. போருக்குப் பின் மம்போர்டின் மனைவி வறுமையில் வாடியபோது அவருக்கு வாசிங்டனில் அரசுப் பணி கிடைக்கப் பட்லர் உதவினார்.

பட்லரின் சகோதரர் ஆண்ட்ரூ நகரில் வணிகம் செய்து பெரும் செல்வம் சேர்த்தார். பட்லர் நேரடியாக ஊழல் செய்ததாக நிறுவப்படவில்லை; எனினும் அவர் வெள்ளிக் கரண்டிகளைத் திருடினார் என்ற கேலி வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது.

இவ்வளவு வெறுப்புக்கு நடுவே மறக்கப்பட்டது நகர்நலப் பணி. 1853 இல் மஞ்சள் காய்ச்சல் இந்நகரில் ஏறத்தாழ 8,000 பேரைக் கொன்றிருந்தது. 1862 கோடையில் அது வடபுலத்துச் சிப்பாய்களை அழிக்கும் என்று நகர மக்கள் காத்திருந்தனர். தம் தந்தையை அதே நோய்க்கு இழந்த பட்லர், வேலையற்றோரைக் கூலிக்கு அமர்த்தித் தெருக்களையும் கால்வாய்களையும் துப்புரவு செய்தார். நோயுள்ள துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்களை நகருக்குக் கீழே ஆற்றில் நிறுத்திவைத்தார். அவ்வாண்டு நோயால் இறந்தோர் ஓரிருவரே. கொசுவே நோயைப் பரப்புகிறது என்பது 1900 வரை உறுதிசெய்யப்படவில்லை. தெருக் குப்பையே காரணம் எனப் பட்லர் நம்பினார். உண்மையில் பெரிதும் பயன்பட்டது கப்பல்களை நிறுத்தியதாகவே இருக்க வேண்டும். துப்புரவுச் செலவையும் ஏழைகளின் உணவுச் செலவையும், தென்தரப்பின் தற்காப்பு நிதிக்குப் பணம் அளித்த செல்வர்கள்மீது வரியாக விதித்தார்.

கறுப்பினத்தவரைப் படையில் சேர்ப்பதிலும் இவர் தடுமாறியே முன்னேறினார். தப்பி வந்த அடிமைகளுக்கு ஆயுதம் தர வேண்டும் என்று 1862 கோடையில் கேட்ட ஜெனரல் ஜான் பெல்ப்சிடம், அவர்களை மரம் வெட்டப் பயன்படுத்துமாறு பட்லர் பதிலளித்தார். பெல்ப்சு பதவி விலகினார். ஆகஸ்டில் தென்தரப்பு பேட்டன் ரூஜைத் தாக்கிய பின், கூடுதல் படை வராத நிலையில், பட்லரே அவ்வழிக்கு வந்தார். செப்டம்பர் 27 அன்று லூசியானா நேட்டிவ் கார்ட்ஸ் என்னும் முதல் படைப்பிரிவு ஒன்றியப் படையில் முறையாகச் சேர்க்கப்பட்டது. அதன் அதிகாரிகளுள் பலரும் கறுப்பினத்தவர் என்பது அக்காலத்தில் அரிய செய்தி. டிசம்பரில் அயல்நாட்டுத் தூதர்களின் முறையீடுகளுக்கிடையே பட்லர் திரும்ப அழைக்கப்பட்டார். அதே மாதத்தில்தான் டேவிசு, இவர் பிடிபட்டால் உடனே தூக்கிலிட ஆணையிட்டார்.

பிற்காலப் போர்க்களங்கள்

1864 இல் பட்லர் ஜேம்ஸ் படையின் தளபதியாக இருந்தார். மே மாதம் ரிச்மண்டிற்குத் தெற்கே பெர்முடா ஹண்ட்ரடு என்னும் நிலமுனையில் இறங்கி, தயங்கித் தாமதித்து, மே 16 அன்று துரூரி மேட்டருகே தோற்றுப் பின்வாங்கினார். புட்டியில் அடைத்துத் தக்கையால் இறுக மூடியது போல இவரது படை முடங்கியது என்ற உவமை, தலைமைத் தளபதி யுலிசீஸ் கிராண்டின் அறிக்கையால் புகழ்பெற்றது.

இப்படையில் கறுப்பினச் சிப்பாய்கள் பெருமளவில் இருந்தனர். செப்டம்பர் 29 அன்று நியூ மார்க்கெட் மேட்டுப் போரில் அவர்கள் காட்டிய வீரத்திற்காகப் பதினான்கு கறுப்பின வீரர்கள் மெடல் ஆப் ஆனர் விருதைப் பெற்றனர். பட்லர் தம் சொந்தச் செலவில் வெள்ளிப் பதக்கங்கள் செய்து அவர்களுக்கு வழங்கினார். அக்டோபரில், பிடிபட்ட கறுப்பினச் சிப்பாய்களைத் தென்தரப்பு குண்டு விழும் இடத்தில் மண்வேலை செய்ய வைத்தது. பட்லர் அதே எண்ணிக்கையை ஒட்டிய தென்தரப்புக் கைதிகளை டச்சு கேப் என்னும் இடத்தில் குண்டு விழும் கால்வாய் வேலைக்கு அனுப்பினார். தென்தரப்பு தன் செயலை நிறுத்தியதும் இவரும் நிறுத்தினார். கைதிகளைத் துன்புறுத்துவது நியாயமா என்பது வேறு கேள்வி. கறுப்பினச் சிப்பாயும் சிப்பாயே என்பதை எதிரி ஒப்ப நேர்ந்தது இங்கே குறிப்பிடத்தக்கது.

1864 டிசம்பரில் வட கரோலினாவின் பிசர் கோட்டையைத் தகர்க்க, 200 டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்தைப் பழைய கப்பலொன்றில் ஏற்றி அருகே வெடிக்கவைக்கும் திட்டம் பட்லருடையது. வெடித்தது, கோட்டை அசையவில்லை. திறந்த வெளியில் நிகழும் வெடிப்பின் ஆற்றல் பெரும்பாலும் மேலும் பக்கவாட்டிலும் சிதறிவிடும். தரையிறங்கிய படையைப் பட்லர் தாக்காமலே திரும்ப அழைத்தார். 1865 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கோட்டையை நேரடித் தாக்குதலால் பிடிக்க இயலாது என்று வாசிங்டனில் நாடாளுமன்றக் குழு முன் இவர் வாதாடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, ஜனவரி 15 அன்று ஆல்பிரடு டெரி அதைத் தாக்கிப் பிடித்தார்.

போருக்குப் பின்

பட்லர் குடியரசுக் கட்சிக்கு மாறி, 1867 முதல் 1875 வரையும் 1877 முதல் 1879 வரையும் பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்தார். 1868 இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் வழக்கைத் தொடங்கி வாதாடினார். ஒரு வாக்குக் குறைவால் அது தோற்றது. கு கிளக்சு கிளான் வன்முறையை ஒடுக்கும் 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியதிலும், பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடுத்த 1875 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியதிலும் இவருக்கு முக்கியப் பங்குண்டு. பின்னதை 1883 இல் உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது.

அந்த 1883 இல் பட்லர் ஓராண்டு மாசச்சூசெட்ஸ் ஆளுநராக இருந்தார். ஜார்ஜ் ரபினை அம்மாநிலத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகவும், போர்க்களச் செவிலியாகப் புகழ்பெற்ற கிளாரா பார்ட்டனைப் பெண்கள் சிறைச்சாலையின் கண்காணிப்பாளராகவும் நியமித்தார். ஆளுநர்களுக்குக் கௌரவப் பட்டம் வழங்கும் வழக்கமுடைய ஹார்வர்டு பல்கலைக்கழகம் இவருக்கு அதைத் தர மறுத்தது. 1884 இல் கிரீன்பேக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்று ஏறத்தாழ 175,000 வாக்குகள் பெற்றார்.

அரசியலில் இருந்தபோதும் வழக்காடுவதை இவர் விடவில்லை. 1892 இல் விரிவான தன்வரலாற்றை வெளியிட்டார். மறு ஆண்டு ஜனவரி 11 அன்று, உச்சநீதிமன்ற வழக்கு ஒன்றிற்காக வாசிங்டனில் தங்கியிருந்தபோது காலமானார். லோவெலில் மனைவியின் குடும்ப இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.